பங்கு வேறு, பாதுகாப்பு வேறு

உயில் எழுத உட்காரும் பலர் முதலில் கையில் எடுப்பது சொத்துப் பட்டியலைத்தான். வீடு யாருக்கு, வயல் யாருக்கு, நகை யாருக்கு என்று ஆரம்பித்து, யார் மனமும் நோகாமல் கணக்கு சரிக்குச் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்த அத்தியாயம் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது. நீங்கள் இல்லாமல் போன மறுநாள் உங்கள் வீட்டில் அதிகம் தடுமாறப்போவது யார்? சொந்தச் சம்பாத்தியம் இல்லாத மனைவியா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையா, கல்யாணம் ஆகாத மகளா, தானாக வாழ முடியாத மாற்றுத்திறனாளி மகனா, எண்பது வயதுத் தாயா? அந்த ஒருவரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் குடியிருக்க ஒரு கூரை, மாதச் செலவுக்கு ஒரு வருமானம், அவசரத்துக்கு யார் கையெழுத்தையும் எதிர்பார்க்காமல் எடுக்கக்கூடிய பணம், இந்த மூன்றும் உறுதியான பிறகுதான் மற்றவர்களின் பங்கைப் பற்றிப் பேச வேண்டும். இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி என்ற வாரிசு வரி 1985இல் எடுக்கப்பட்டுவிட்டது. வரியை மிச்சம் பிடிப்பதற்காக உயில் எழுத வேண்டிய தேவை இங்கே இல்லை. குடும்பத்தில் பலம் குறைந்தவரை மற்றவர்களின் தயவில் விட்டுவிடாமல் இருப்பதுதான் இங்கே உயிலின் வேலை.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சாதாரணக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். திருச்சியில் தனியார் வேலையில் இருக்கும் ஒருவர், வயது 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கட்டிய வீடு அவர் பெயரில் இருக்கிறது. மனைவி, 12 வயது மகள், 9 வயது மகன், கூடவே இருக்கும் தாய். அப்பா முன்பே காலமாகிவிட்டார். தம்பியும் தங்கையும் வெளியூரில். இவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் முதல் வகுப்பு வாரிசுகள் என்று சொல்லும் நால்வருக்கும் வீடு சமமாகப் போகும்: மனைவிக்குக் கால், மகளுக்குக் கால், மகனுக்குக் கால், தாய்க்குக் கால். புருஷன் சொத்து பெண்டாட்டிக்குத்தான் வரும் என்ற ஊர் நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர் இருக்கும். பட்டாவும் கூட்டுப் பட்டாவாகும். சில வருடம் கழித்து அந்தத் தாயும் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகிறது. தம்பிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, இறந்துபோன மூத்தவரின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. ஆக, அந்த வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு கொழுந்தனாருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு நாத்தனாருக்கும் சட்டப்படி சொந்தம். அவர்கள் தங்கமானவர்களாகவே இருக்கட்டும். அவர்கள் பார்த்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை அந்தப் பெண்ணால் வீட்டை முழுதாக விற்கவும் முடியாது, முழுதாக அடமானம் வைக்கவும் முடியாது.

பிள்ளைகளின் பங்கு இதைவிட இறுக்கமான முடிச்சு. அப்பா இல்லாத மைனர் பிள்ளைக்குத் தாய்தான் இயற்கைக் கார்டியன். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளையின் பெயரில் இருக்கும் வீட்டையோ நிலத்தையோ விற்கவும் அடமானம் வைக்கவும் அந்தத் தாய் நீதிமன்றத்தின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் மைனர் கார்டியன் சட்டம் சொல்கிறது. அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை பதினெட்டு வயது தாண்டிய பிறகு அந்த விற்பனையை ரத்துசெய்யக் கேட்கலாம். இது தெரிந்த எந்த வழக்கறிஞரும் அந்தக் கிரயத்துக்கு ஒப்புதல் கொடுக்கமாட்டார். வாங்க வருகிறவர் பின்வாங்குவார், வங்கியும் கடன் தராது. மகளின் கல்லூரிச் செலவுக்காக வீட்டை அடமானம் வைக்க நினைக்கும் தாய், மகளின் பங்கையும் மகனின் பங்கையும் காரணம் காட்டி மனுப் போட்டு, தேதி வாங்கி, இது பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்று நிரூபித்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வைத்த விதி இது, நல்ல விதியும்கூட. ஆனால் நல்ல தாய் இருக்கும் வீட்டில் அது அவர் கையைக் கட்டிப்போடுகிறது. அதே திருச்சிக்காரர், வீடு முழுவதும் என் மனைவிக்கு என்று ஒரு வெள்ளைத்தாளில் முறையாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டிருந்தால், இந்தக் கூட்டுப் பட்டாவும் இல்லை, நீதிமன்ற அனுமதியும் இல்லை. தாய்க்கு அநியாயம் செய்ய வேண்டியதும் இல்லை. பிரிக்க முடியாத வீட்டில் கால் பங்கைவிட, அவருடைய மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவு ஒரு வைப்புத்தொகையை அவர் பெயருக்கு எழுதுவது அந்த வயதில் அவருக்கு மிகவும் பயன்படும்.

பெண்கள் பெயரில் இருக்கும் சொத்துக்குச் சட்டம் இன்னும் கடுமையானது. ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்த இடம் அவருடைய அப்பா அம்மாவுக்கு இல்லை, கணவரின் வாரிசுகளுக்கு. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். சொந்த உழைப்பில் சம்பாதித்ததற்கு அந்த விலக்கு இல்லை. இது ஏட்டுச் சட்டம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டார் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீடு அவரைப் படிக்க வைத்தது. அவர் வேலைக்குப் போனார், வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் சேமித்தார். உயில் எழுதாமல் 1996இல் இறந்தார். நாற்பது வருடத்துக்கு முன் அவரை வெளியே அனுப்பிய அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தச் சேமிப்பு போனது. பரிதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் இதே வாரிசு விதியைப் பற்றிய வழக்கில், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது. வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும், பிள்ளை இல்லாதவராக இருந்தால் கட்டாயமாகவும், கணவர் எழுதுகிறாரா என்று பார்க்காமல் தனக்கென்று தனி உயில் எழுத வேண்டும்.

சட்டம் சமமாகத்தானே பிரிக்கிறது, அதை மாற்றி எழுதுவது ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறைவாகவும் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சமம் என்பது எதில் என்று பார்க்க வேண்டும். பெங்களூரில் சொந்த வீட்டோடு இருக்கும் மகனுக்கும், அப்பாவின் வீட்டைத் தவிர வேறு கதியில்லாத தாய்க்கும் அதே வீட்டில் சம பங்கு கொடுத்தால் காகிதத்தில் இருவரும் சமம். அந்த மகனுக்கு வியாபாரத்தில் கடன் ஏறினால் கடன்காரர் அவருடைய பிரிபடாத பங்கை ஜப்தி செய்யக் கேட்கலாம். பங்குதாரர் எவரும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். இரண்டு சென்ட் வீட்டை நான்காகக் கிழிக்க முடியாது என்று தெரிந்தால் ஏலம் விட்டுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்போது தெருவில் நிற்பது மகன் அல்ல. சொத்து சிறிதாக இருப்பவர்களுக்கு உயில் தேவையில்லை என்ற பேச்சும் இங்கேதான் அடிபடுகிறது. நான்கு இடத்தில் நான்கு மனை இருப்பவரின் குடும்பம் எப்படியாவது ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஒரே வீடு இருக்கிற குடும்பத்தில்தான் அந்த வீட்டில் யார் இருப்பது என்பது வாழ்க்கைப் பிரச்சினையாகிறது. எங்கள் பிள்ளைகள் ஒற்றுமையானவர்கள், அடித்துக்கொள்ளமாட்டார்கள் என்பதும் பதிலாகாது. அவர்களுடைய ஒற்றுமையை நம்பலாம்; அவர்களுக்கு வரப்போகும் கடனையும் விவாகரத்தையும் அகால மரணத்தையும் யார் பொறுப்பேற்பது? சாவைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்று தயங்குபவர்கள் எல்.ஐ.சி. பாலிசியில் கையெழுத்துப் போடும்போது தயங்கியதில்லை.

மனைவிக்குத்தான் வீடு என்று முடிவு செய்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் ஊர் உயில்களில் வழக்கமாக வரும் வாசகம் இது: என் மனைவி தன் ஆயுள்காலம் வரை மேற்படி சொத்தை விக்கிரயம் அடமானம் செய்யாமல் அனுபவித்து வர வேண்டியது, அவர் காலத்துக்குப் பின் என் பிள்ளைகள் சர்வ சுதந்திர பாத்தியதையாய் அடைந்துகொள்ள வேண்டியது. படிக்க நன்றாக இருக்கிறது; தாயும் பிள்ளைகளும் காப்பாற்றப்படுகிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு பெண்ணுக்கு ஜீவனாம்சத்துக்காகக் கிடைத்த வரம்புள்ள உரிமை முழு உரிமையாக விரிந்துவிடும் என்கிறது; 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவோ, உயிலின் மூலம் புதிதாகக் கொடுக்கப்பட்ட வரம்புள்ள உரிமை அப்படியே வரம்போடு நிற்கும் என்கிறது. ஒரு குறிப்பிட்ட உயிலில் எழுதியது ஜீவனாம்சத்துக்காகவா, புதிய உரிமையா? அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியில் வழக்குகள் ஓயவில்லை. தாய் ஆயுள் உரிமையில் வைத்திருந்த வீட்டை மூத்த மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் போதும். மற்ற பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போவார்கள், இரண்டு பக்கத்துக்கும் தீர்ப்புகள் கையில் இருக்கும்.

ஆகவே என் அழுத்தமான யோசனை, ஒரே சொத்தைக் காலத்தால் இரண்டாக வெட்டாமல், வேறு வேறு சொத்தை வேறு வேறு ஆளுக்கு முழு உரிமையாகக் கொடுங்கள் என்பதே. வீடு மனைவிக்கு, முழுதாக. மனையோ நிலமோ மியூச்சுவல் ஃபண்டோ பிள்ளைகளுக்கு, அதுவும் முழுதாக. வீட்டைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் வீடு மனைவிக்குப் போகட்டும். முழுதாக எழுதிக் கொடுத்தால் ஒரு பிள்ளை பேசிப் பேசியே எழுதி வாங்கிவிடுவானே என்ற பயம் பல தகப்பன்மார்களுக்கு இருக்கிறது. அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் இரண்டு ஆபத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில், வீட்டின் சொந்தக்காரி தன் விருப்பத்தால் ஒரு தவறான முடிவை எடுக்கலாம். இரண்டாவதில், சொந்தக்காரி என்ற நிலையே இல்லாமல் அவர் பிள்ளைகளின் முகம் பார்த்து இருக்க வேண்டும். நாற்பது வருடம் குடும்பத்தை நடத்தியவருக்கு முதல் ஆபத்தைத் தாங்கும் விவேகம் இருக்கும். அவரும் அதே வாரத்தில் தன் உயிலை எழுதிவிட்டால், அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு எப்படிப் போக வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். கணவனும் மனைவியும் ஒரே தாளில் கூட்டு உயில் எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. ஒருவர் இறந்த பிறகு மற்றவர் அதை மாற்றலாமா கூடாதா என்பதே ஒரு வழக்காகிவிடும்.

பலம் குறைந்தவரிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும்போது, உயில் இதற்கு நேர் எதிராகவும் பயன்படுகிறது என்பதை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் எழுதப்படும் உயில்களில் ஒரு பகுதி மகளை ஒதுக்குவதற்காகவே எழுதப்படுகிறது: கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, ஆகவே பங்கு இல்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பது சட்டம். ஆனால் போட்ட நகை யார் பீரோவில் இருக்கிறது, அந்தச் சீர் யார் வீட்டுக்குப் போனது என்று ஒரு நிமிடம் யோசித்தால், மகளுக்குக் கொடுத்ததாக நாம் கணக்கில் எழுதியது பெரும்பாலும் அவர் கைக்கு வரவே இல்லை என்பது தெரியும். பூர்வீகச் சொத்தில் ஒதுக்கவும் முடியாது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அப்போது கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பிறப்பால் பங்கு கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அப்பா அந்தத் திருத்தம் வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்பா உயிலில் எழுத முடிவது பூர்வீகச் சொத்தில் தன் பாகத்தை மட்டும்தான். மகன், மகள் பாகத்தையும் சேர்த்து எழுதிய உயில் அந்த அளவுக்குச் செல்லாது. இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அப்பாவுக்கு வாரிசுப் பங்காக வந்த சொத்தைப் பலர் பூர்வீகம் என்கிறார்கள். 1986இலேயே உச்ச நீதிமன்றம் அது அப்பாவின் தனிச் சொத்து என்று சொல்லிவிட்டது. எழுதுவதற்கு முன் ஒவ்வொரு சொத்தும் எப்படி வந்தது என்பதைத் தாய்ப்பத்திரத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், பங்குக்கும் பாதுகாப்புக்கும் உள்ள வித்தியாசம் மிகக் கூர்மையாகத் தெரியும். அந்தப் பிள்ளையின் பெயருக்கே வீட்டை எழுதினால் அவரால் வாடகை வசூலிக்க முடியாது, கையெழுத்துப் போட முடியாது. அண்ணன் பெயருக்கு எழுதி, தம்பியைப் பார்த்துக்கொள் என்று வாயால் சொல்லி வைத்தால் அண்ணனின் நல்ல மனதுதான் ஒரே பிடிமானம். அண்ணனுக்குப் பிறகு அதுவும் இல்லை. இதற்குச் சரியான வழி, உயிலிலேயே ஒரு டிரஸ்ட் ஏற்படுத்துவது: சொத்து டிரஸ்டின் பெயரில் இருக்கும், வருமானம் அந்தப் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் சிகிச்சைக்கும் மட்டும் போகும், ஒருவருக்கு இருவராக டிரஸ்டிகள் இருப்பார்கள், அவர்களுக்குப் பின் யார் என்பதும் எழுதியிருக்கும். பதினெட்டு வயது கடந்த பிறகும் அவருக்குக் கார்டியன் தேவை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு மூலம் பெற்றோரே தங்கள் காலத்திலேயே அதைச் செய்துகொள்ள வழி உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், தானாக எழுதிப் பார்க்காமல் அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் போவது கட்டாயம்.

இவ்வளவு யோசிப்பதற்குப் பதில் இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்பது அடுத்த எதிர்வாதம். அதற்கு வலுவான பக்கம் உண்டு. செட்டில்மென்ட் பத்திரம் பதிவான அன்றே உரிமை மாறிவிடுகிறது. நீங்கள் போன பிறகு சாட்சியைத் தேட வேண்டாம், வில்லங்கச் சான்றில் பதிவாகிவிடும், குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையும் குறைவு. ஆனால் உரிமை உங்கள் கையை விட்டுப் போய்விடும். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்டை நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. பெற்றோரைப் பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதியிருந்து, பிள்ளை அதைச் செய்யவில்லையென்றால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் அந்தக் கதவு திறப்பது கஷ்டம் என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் காட்டியது. எழுபது வயதில், தான் குடியிருக்கும் வீட்டைச் செட்டில்மென்ட் எழுதுவது என்பது, இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நீங்களே விடையாகிவிடுவது: வீட்டில் பலம் குறைந்தவர் நீங்கள்தான். குடியிருக்கும் வீட்டுக்கு உயிலே போதும். மேலதிகமாக ஒரு மனை இருந்து, மகள் வீடு கட்டக் காத்திருந்தால், அதைச் செட்டில்மென்ட் செய்யுங்கள்.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன், அதனால் உயில் வேண்டாம் என்பவர்கள் நாமினியின் வேலையைத் தவறாகப் புரிந்திருக்கிறார்கள். வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும் என்பதைத்தான் நாமினேஷன் சொல்கிறது. அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலும், உயில் இல்லையென்றால் வாரிசுச் சட்டமும் தீர்மானிக்கும். கம்பெனிப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்ற விதி வந்தது. இதனால் நாமினேஷனை அலட்சியம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. முதல் மாதச் செலவுக்குப் பணம் விரைவாகக் கைக்கு வருவது நாமினி மூலம்தான். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். கல்யாணத்துக்கு முன் அம்மாவைப் போட்டுவிட்டு மறந்துபோன கணக்கு எது என்று பார்த்து, உயிலில் இருக்கும் பெயரோடு அதை ஒத்துப்போகச் செய்யுங்கள். அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். கொடுத்தவர் இறந்த நொடியே பவர் செத்துவிடுகிறது. அதன் பிறகு ஏ.டி.எம். கார்டில் பணம் எடுப்பதும் பிற வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய செயலே.

இதுவரை சொன்னது பெரும்பாலும் இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மகன் மகள் எல்லோருக்கும் சமமாக. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்கு எதுவும் இல்லை. தாயைக் காப்பாற்ற விரும்பும் கிறிஸ்தவர் உயில் எழுதித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கும் அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ உயிலில் எழுதியது செல்லாது. முஸ்லிம்கள் இறுதிச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது; ஒரு வாரிசுக்குக் கூடுதலாக எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாழ்நாளிலேயே கையில் ஒப்படைக்கும் ஹிபாவுக்கு அந்த வரம்பு இல்லை. இந்துவும் கிறிஸ்தவரும் போல மதம் வேறுபட்ட இருவர் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்திருந்தால் அவர்களுக்கும் 1925ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

எழுதும் முறை எளிது. அதில் தவறுவதும் எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம், கையால் எழுதினால் இன்னும் நல்லது. நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்க்க வேண்டும், அவர்களும் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உயில் நீதிமன்றத்துக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வந்து, அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதனால் உங்களைவிட இருபது வயது இளையவரை, முகவரி மாறாதவரை, சொத்தில் ஒன்றும் பெறாதவரைச் சாட்சியாக்குங்கள். ஆவண எழுத்தர் எழுதியவர் என்ற இடத்தில் போடும் கையெழுத்து சாட்சிக் கையெழுத்தாகாது என்று 2001இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு சாட்சிகளும் அவரைத் தவிர்த்து இருக்கட்டும். பெரும்பங்கு பெறுகிறவரே ஓடியாடி உயிலைத் தயார் செய்வது, மருத்துவமனைப் படுக்கையில் எழுதுவது, காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை முழுதாக விடுவது, இவற்றை 1959 முதலே நீதிமன்றங்கள் சந்தேகச் சூழ்நிலைகளாகப் பார்க்கின்றன. ஆகவே ஒருவருக்குக் குறைத்து எழுதினால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். வயதானவர்கள் அன்றைய தேதியில் மருத்துவரின் சான்று வாங்கி இணைக்கட்டும். அந்த மருத்துவரே ஒரு சாட்சியாக இருந்தால் சிறப்பு. சர்வே எண், கதவு எண், பத்திர எண் எல்லாம் எழுதிய பிறகு, மேலே சொல்லாத மற்ற சொத்துகள் யாருக்கு என்று ஒரு வரியும், பெறுகிறவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் அடுத்து யார் என்று ஒரு வரியும் விடாமல் சேருங்கள்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்யுங்கள். பதிவு செய்துவிட்டால் மட்டும் உயில் மெய்யாகிவிடாது, சாட்சி வந்து சொல்லத்தான் வேண்டும். என்றாலும் காணாமல் போவதும் பக்கம் மாற்றப்படுவதும் தடுக்கப்படும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்களைத் தவிர யாரும் வாங்க முடியாது. பதிவுகூட வேண்டாம், யாரும் பார்க்கவே கூடாது என்பவர்கள் சீலிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். சென்னை எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கே உள்ள சொத்துக்கும் இந்துக்கள் புரோபேட், அதாவது உயிலை மெய்ப்பிக்கும் நீதிமன்றச் சான்று, வாங்கியே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கியது. வாரிசுகளுக்குள் தகராறு இருக்கும் என்று தோன்றினால் கட்டாயம் இல்லாவிட்டாலும் புரோபேட் வாங்கிக்கொள்வது பின்னால் உதவும். உயிலை நிறைவேற்றுபவராக, பங்கு பெறும் பிள்ளைகளில் ஒருவரைவிட, எல்லோரும் மதிக்கும் உறவினரையோ வழக்கறிஞரையோ குறிப்பிடுவது மேல். அசல் எங்கே இருக்கிறது, எந்த வங்கியில் லாக்கர், எந்த எண்ணில் பாலிசி, யாரிடம் எவ்வளவு கடன், சீட்டு எங்கே கட்டுகிறீர்கள் என்ற பட்டியலை உயிலில் சேர்க்காமல் தனித்தாளில் எழுதி, அந்த நிறைவேற்றுபவரிடமும் மனைவியிடமும் கொடுங்கள். கணக்கு மாறும்போது அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். உயிலை மாற்ற வேண்டியது கல்யாணம், பிறப்பு, இறப்பு, விவாகரத்து, சொத்து வாங்கல் விற்றல் ஆகிய நேரங்களில்தான். அப்போது பழையதில் அடித்துத் திருத்தாமல் புதிதாகவே எழுதுங்கள். இதற்கு முன் எழுதியவை அனைத்தையும் ரத்துசெய்கிறேன் என்ற வரி அதன் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.